தோற்றவர்களை மறக்காத ஊர்

காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தார்கள். உள்ளே போனது நான் ஒரு ஆள்தான். பரந்த புல்வெளி, வாசலோரம் இரண்டு சின்னக் குளங்கள், அவற்றைத் தாண்டி ஐந்தடுக்குக் கற்கோபுரம். உயரம் 8.33 மீட்டர். நம் கண்ணுக்கு இது கோபுரமே இல்லை என்று தோன்றலாம். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதன் அழகு பிடிபடும். ஒவ்வொரு அடுக்கின் கூரையும் மெல்லிய கற்பலகை. அதன் நுனி, ஓலைக் கூரையின் ஓரம் காற்றில் தூக்கிக்கொள்வதைப் போல லேசாக மேலே வளைகிறது. மரத்தில் வேலை பார்த்துப் பழகிய கைகள் 149 கற்களை அடுக்கி, மரத்துக்குரிய இலகுவைக் கருங்கல்லுக்குக் கொடுத்திருக்கின்றன.

முதல் அடுக்கின் சுவரில் காலை வெயில் சாய்ந்து விழுந்தபோது எழுத்துகள் தெரிந்தன. வரிவரியாகச் சீன எழுத்துகள், நான்கு பக்கமும் சுற்றி ஓடுகின்றன. பாதி தேய்ந்துவிட்டன. முதலில் பார்ப்பவர்கள் ஏதோ புத்த சூத்திரம் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்திலிருந்த அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகு வெகுநேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

அது வெற்றிச் சாசனம். இந்தக் கோயிலைக் கட்டியவர்களின் நாட்டை அழித்தவன், அவர்களுடைய கோபுரத்திலேயே வெட்டி வைத்த சாசனம்.

தென்கொரியாவின் மேற்குப் பக்கம், கும் ஆற்றின் கரையில் இருக்கும் இந்த ஊரின் பெயர் புயோ. கும் என்றால் பட்டு. பட்டாறு, சுமார் 400 கிலோமீட்டர் ஓடி மஞ்சள் கடலில் விழுகிறது. புயோவுக்கு ரயில் கிடையாது. சியோலின் தெற்குப் பேருந்து முனையத்தில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலே மக்கள்தொகை 60,000 சொச்சம்தான். பேருந்து நிலையத்தில் இறங்கி எல்லா இடத்துக்கும் நடந்தே போய்விடலாம். உயரமான கட்டடம் ஒன்றும் கண்ணில் படாது. பழைய தலைநகரங்களைக் காப்பதற்காகக் கொரியா 2004-இல் தனிச் சட்டமே இயற்றியது. கியோங்ஜு, கோங்ஜு, இக்சான் ஆகியவற்றோடு புயோவும் அதில் வருகிறது. வீடு கட்ட வானம் தோண்டினால் பழங்காலம் எட்டிப் பார்க்கும் மண் இது.

கொரியத் தீபகற்பத்தை ஒரு காலத்தில் மூன்று அரசுகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வடக்கே கோகுர்யோ, கிழக்கே சில்லா, மேற்கே பேக்ஜே. பேக்ஜேயின் கடைசித் தலைநகரம் இந்த ஊர். கி.பி. 538-இல் மன்னர் சோங், மலை நெருக்கிய கோங்ஜுவை விட்டுவிட்டு, ஆறு அணைத்த இந்தச் சமவெளிக்குத் தலைநகரை மாற்றினார். அப்போது ஊரின் பெயர் சாபி. புயோ என்பது பேக்ஜே மன்னர்களின் குலப்பெயர். இன்று பேருந்துப் பலகையில் நாம் படிக்கும் ஊர்ப்பெயர், அழிந்துபோன ஓர் அரச குடும்பத்தின் பெயர்.

அடுத்த 122 ஆண்டுகள் சாபி செழித்தது. ஜப்பானுக்குப் புத்த சமயத்தை அனுப்பி வைத்தவர் இதே மன்னர் சோங். பேக்ஜே தச்சர்களும் ஓட்டுக் கலைஞர்களும் கடல் கடந்து போய் அங்கே கோயில்கள் கட்டினார்கள். பிறகு கி.பி. 660 வந்தது. சீனத்துத் தாங் பேரரசின் தளபதி சூ திங்ஃபாங் 1,30,000 படையுடன் கடல் வழியாக வந்தான். நிலத்தில் சில்லாவின் 50,000 பேர். அவர்களைத் தடுக்க பேக்ஜே தளபதி கியேபேக் திரட்டியது 5,000 வீரர்களை. போருக்குப் புறப்படும் முன், பகைவர் கையில் சிக்கக் கூடாதென்று மனைவி மக்களைத் தன் கையாலேயே கொன்றுவிட்டுப் போனார் என்கிறது கொரியாவின் பழைய வரலாற்று நூலான சாம்குக் சாகி. நான்கு மோதல்களில் வென்றார். ஐந்தாவதில் மாண்டார். அவர் குதிரை மீது வாளேந்தி நிற்கும் சிலை ஊரின் நடுச் சாலைச் சந்திப்பில் இருக்கிறது. பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் சைக்கிளில் போகிறார்கள்.

மன்னர் உய்ஜா சரணடைந்தது சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் 18-ஆம் நாள். வெற்றி விருந்தில் சூ திங்ஃபாங்கும் சில்லா மன்னனும் மேடையில் அமர, கீழே இருந்த உய்ஜாவை மது ஊற்றிக் கொடுக்க வைத்தார்கள். பார்த்திருந்த பேக்ஜே அமைச்சர்கள் அழுதார்கள். இதையும் சாம்குக் சாகிதான் சொல்கிறது. கோபுரத்தில் சாசனம் வெட்டிய தேதி எட்டாம் மாதம் 15. மன்னர் சரணடைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இத்தனை கோட்டங்கள், இத்தனை ஊர்கள், இத்தனை குடும்பங்கள் என்று கைப்பற்றியவற்றை அது கணக்கெழுதி வைத்திருக்கிறது: 37 கோட்டங்கள், 250 ஊர்கள், 2,40,000 குடும்பங்கள்.

கோயில் எரிந்தது. கோபுரம் நின்றது. ஆனால் கோயிலின் பெயர் மறந்துபோனது. பல நூற்றாண்டுகள் உள்ளூர்க்காரர்களே இதை 'பேக்ஜேயை அடக்கிய கோபுரம்' என்று அழைத்தார்கள். தன்னைக் கட்டியவர்களின் பெயரை இழந்து, தன்னை அவமதித்தவனின் பெயரில் நின்ற கோபுரம்! 1942-இல் நடந்த அகழாய்வில் ஓர் ஓட்டுத் துண்டு கிடைத்தது. கோயிலைப் பின்னால் புதுப்பித்த காலத்தது, 1028-ஆம் ஆண்டைக் குறிப்பது. அதில் கோயிலின் பெயர் இருந்தது: ஜோங்னிம்சா. அதற்குப் பிறகுதான் கோபுரத்துக்குச் சொந்தப் பெயர் திரும்பியது.

சாசனத்தை யாரும் செதுக்கி எடுத்துவிடவில்லை. எடுத்திருக்கலாம். 1,300 ஆண்டுகள் அவகாசம் இருந்தது. தோல்வியை மறைக்காமல், அதே சமயம் தோற்றவர்களைக் கைவிடாமல் இருக்க ஓர் ஊருக்கு முடியுமா? முடியும் என்பதைப் புயோவில் தங்கிய மூன்று நாளும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பூ உதிர்ந்த பாறை

ஊரின் வடக்கே புசோசான் குன்று. 106 மீட்டர்தான். பைன் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. ஜூலைக் கடைசியின் புழுக்கத்தில் சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. அடிவாரத்தில் அரண்மனை இருந்த இடம், குன்றைச் சுற்றி மண்கோட்டை. முகப்பில் மூன்று விசுவாசிகளின் நினைவாலயம். தளபதி கியேபேக், மன்னரை எச்சரித்துச் சிறையில் மடிந்த சோங்சுங், நாடு கடத்தப்பட்டும் நல்ல ஆலோசனை சொல்லி அனுப்பிய ஹுங்சு ஆகிய மூவருக்கும். 1939-இல் காலனி ஆட்சி செய்த ஜப்பான், கொரியாவும் ஜப்பானும் ஆதியிலேயே ஒன்று என்று காட்ட, இந்தக் குன்றில் பெரிய ஷிண்டோ ஆலயம் ஒன்றைக் கட்டத் தொடங்கியது. முடியுமுன் போர் முடிந்துவிட்டது. அந்த இடத்தில்தான் இந்த மூவரும் குடிகொண்டிருக்கிறார்கள்.

குன்றின் மறுபக்கம் சட்டென்று முடிந்து செங்குத்துப் பாறையாக ஆற்றில் இறங்குகிறது. உச்சியில் 1929-இல் கட்டிய அறுகோண மண்டபம். கீழே ஆறு. இந்த ஊர்ப் பக்கம் ஓடும் பகுதிக்கு மட்டும் பெங்மாகாங் என்று தனிப்பெயர், வெள்ளைக் குதிரை ஆறு. ஆற்றைக் காத்த நாகத்தை, வெள்ளைக் குதிரையின் தலையைத் தூண்டிலில் மாட்டி சூ திங்ஃபாங் பிடித்தான் என்று கதை. அவன் உட்கார்ந்த பாறையென்று ஆற்றோரம் ஒன்றைக் காட்டுகிறார்கள்.

நான் நின்ற பாறையின் பெயர் நாக்வாம். பூ உதிர்ந்த பாறை. தலைநகரம் விழுந்த அன்று 3,000 அந்தப்புரப் பெண்கள் இங்கிருந்து குதித்தார்கள், அவர்களுடைய பல வண்ண உடைகள் பூக்கள் உதிர்வதைப் போலத் தெரிந்தன என்பது கொரியாவில் சிறு குழந்தைக்கும் தெரிந்த கதை. அதோடு ஒட்டிக்கொண்டு வருவது இன்னொரு கதை: உய்ஜா மதுவிலும் மாதரிலும் மூழ்கி நாட்டைத் தொலைத்தவன்.

இந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் சாம்குக் யூசா நூலில் இந்தப் பாறை வருகிறது. அங்கே அதன் பெயர் 'விழுந்து மாண்ட பாறை'. பெண்கள் குதித்தார்கள் என்று இருக்கிறது. 3,000 என்ற எண் இல்லை. அது பின்னால் வந்த ஜோசோன் காலக் கவிஞர்கள் சேர்த்தது. சீனச் செய்யுள் மரபில் அரண்மனைப் பெண்கள் என்றாலே மூவாயிரம்தான். நாம் 'ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்' என்று சொல்வோமே, அந்த மாதிரி. உய்ஜாவைப் பற்றியும் பழைய நூலிலேயே வேறொரு சித்திரம் இருக்கிறது. பெற்றோரிடம் காட்டிய பக்திக்காக, கன்பூசியஸின் சீடர் ஒருவரோடு ஒப்பிட்டு மக்கள் அவரைப் புகழ்ந்தார்கள். அரியணை ஏறியதும் சில்லாவின் கோட்டைகளை வரிசையாகப் பிடித்தவரும் அவர்தான். கடைசி ஆண்டுகளில் தவறினார், நல்ல அமைச்சர்களைச் சிறையில் தள்ளினார் என்பதும் உண்மை. ஆனால் இரண்டு பெரும்படைகள் இரண்டு பக்கமும் நெருக்கியதால் ஒரு நாடு விழுந்ததை, ஒரு மனிதனின் பெண்பித்தால் விழுந்ததாக மாற்றிவிட்டது மூவாயிரம் என்ற அந்த ஓர் எண்.

எண் பொய்யாக இருக்கலாம், பெண்கள் பொய் இல்லை. நூறு பேரோ பத்துப் பேரோ, பகைவன் கையில் சிக்குவதைவிட ஆறே மேல் என்று நினைத்தவர்கள் இங்கே நின்றிருக்கிறார்கள். 1955-இல், கொரியப் போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகளில், புயோ மக்கள் கையிலிருந்ததைப் போட்டு ஒரு விழா எடுத்தார்கள். அந்த மூன்று விசுவாசிகளுக்கும், ஆற்றில் விழுந்த பெண்களின் ஆவிகளுக்கும் சடங்கு. சோற்றுக்கே சிரமப்பட்ட காலம் அது. இன்று ஆண்டுதோறும் கோங்ஜுவும் புயோவும் சேர்ந்து நடத்தும் பெரிய பேக்ஜே விழாவின் வேர் அந்தச் சடங்குதான்.

பாறைக்குக் கீழே, படியிறங்கினால் ஆற்றை ஒட்டிக் கோரான்சா என்ற சின்னக் கோயில். பின்சுவரோரம் பாறை இடுக்கில் ஊற்று. நீளக் காம்பு வைத்த அகப்பையால் எட்டி மொள்ள வேண்டும். ஒரு கிண்ணம் குடித்தால் மூன்று வயது குறையும் என்பார்கள். இது தெரியாமல் வயிறு முட்டக் குடித்த கிழவர் கைக்குழந்தையாகிக் கிடந்தாராம். தேடி வந்த கிழவி அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டுபோய் வளர்த்தாளாம். எனக்கு முன்னால் நின்ற பாட்டி ஒருவர் மூன்று மடக்கு குடித்துவிட்டு, அகப்பையைக் கழுவி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். தண்ணீர் பல் கூசும் குளிர்ச்சி. மன்னர்களுக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போனதாம். இந்தப் பாறையில் வளரும் கோரான் பெரணியின் இலை ஒன்றை, அடையாளத்துக்காக மேலே மிதக்க விட்டு அனுப்பினார்களாம்.

கோயிலின் படித்துறையிலிருந்து குதுரே துறை வரை மஞ்சள் பாய் கட்டிய படகு ஓடுகிறது. பாய் பார்வைக்கு, ஓட்டம் மோட்டாரில். ஒலிபெருக்கியில் இந்த ஆற்றைப் பற்றிய பழைய பாட்டு. காலனி ஆட்சியில் நாடிழந்து நின்ற கொரியர்களுக்கு, நாடிழந்த பேக்ஜேயின் ஆறு சொந்தத் துக்கமாகிவிட்டது. படகிலிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் பாறையின் உயரம் வயிற்றில் இறங்குகிறது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் தாமாகவே நிறுத்தினார்கள்.

சேற்றில் கிடைத்த தூபக்கால்

புயோ தேசிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கே ஒரே ஒரு பொருளின் முன் ஒரு மணி நேரம் நின்றேன். இந்த ஊருக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்பவர்கள், மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விட வேண்டாம்.

பொன்முலாம் பூசிய வெண்கலத் தூபக்கால். உயரம் சுமார் 62 சென்டிமீட்டர். அடியில் ஒரு நாகம், ஒரு காலைத் தூக்கியபடி உடலைச் சுருட்டி, வாயால் ஒரு தண்டைக் கவ்வித் தூக்குகிறது. அந்தத் தண்டில் மலர்கிறது தாமரை. தாமரைதான் கிண்ணம். மூடி முழுக்க மலைகள், ஒன்றின் பின் ஒன்றாக. மலைகளுக்கு நடுவே புலி, மான், குரங்கு, வில்லேந்திய வேடன், மரத்தடியில் தியானம் செய்பவர். யானைகூட உண்டு. கொரியக் காட்டில் யானை ஏது? புத்த சமயத்தோடு இந்தியாவிலிருந்து நடந்து வந்த யானை அது. உச்சிக்குக் கீழே ஐந்து இசைக் கலைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு வாத்தியம்: யாழ் போன்ற ஒன்று, நெடுங்குழல், வரிசைக் குழல், மடியில் கிடத்தி மீட்டுவது, மத்தளம். எல்லாவற்றுக்கும் மேலே சிறகு விரித்த ஃபீனிக்ஸ், தாடையில் ஒரு மணியை இடுக்கிக்கொண்டு.

புகை வர 12 துளைகள். இரண்டு அந்தப் பறவையின் மார்பில். மற்றவை மலைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. அகிலைப் பற்றவைத்தால் மலையிடுக்குகளில் மஞ்சு படியும், அதற்குள் வாத்தியக்காரர்கள் தெரிந்தும் மறைந்தும் வாசிப்பார்கள். இதை வடித்தவன் உலோகத்தை மட்டும் வடிக்கவில்லை, புகை எப்படிப் போகும் என்பதையும் சேர்த்து வடித்திருக்கிறான்.

இது கிடைத்த கதையைக் கேளுங்கள். ஊருக்குக் கிழக்கே நுங்சான்-ரியில் பேக்ஜே அரசக் கல்லறைகள். பார்க்க வருபவர்களுக்கு வண்டி நிறுத்துமிடம் அமைப்பதாக இருந்தது. அதற்கு முன் தோண்டிப் பார்க்கலாம் என்று இறங்கினார்கள். 1993 டிசம்பர் 12, கடும் குளிர், பொழுது சாய்ந்துவிட்டது. பழைய கோயில் ஒன்றின் பட்டறை இருந்த இடத்தில், மரத்தொட்டி ஒன்றின் குழிக்குள் ஓட்டுச் சில்லுகளுக்கு அடியில் ஏதோ மின்னியது. ஊற்றுநீர் சுரந்துகொண்டே இருந்தது. விளக்கு வெளிச்சத்தில், கையால் சேற்றைத் துழாவி, தண்ணீரை ஒற்றி ஒற்றி எடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். துருவோ நசுங்கலோ பெரிதாக இல்லை. காற்றுப் புகாத சேறே காப்பாற்றியிருந்தது.

பூசைப் பொருள் பட்டறைத் தொட்டிக்குள் எப்படி வந்தது? கோயில் எரியப் போகிறது என்று தெரிந்த யாரோ ஒருவர், அதை அவசரமாக ஒளித்துவைத்து, மேலே ஓடுகளை அள்ளிப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எல்லாம் அடங்கியதும் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அவர் வரவில்லை. அந்தப் பொருள் 1,333 ஆண்டுகள் காத்திருந்தது.

அந்தக் கோயில் யாருக்காக எழுந்தது என்பதும் 1995-இல் தெரிந்தது. அங்கே கிடைத்த கல்பெட்டியில், அப்போதைய மன்னரின் சகோதரியான இளவரசி கி.பி. 567-இல் புத்தரின் புனித எச்சங்களை அளித்ததாக எழுதியிருந்தது. அவளுடைய அப்பா, தலைநகரை இங்கே கொண்டுவந்த அதே சோங். 554-இல் சில்லாவின் பதுங்குப் படையிடம் சிக்கித் தலை வெட்டுண்டார். அந்தத் தலையை ஆட்கள் மிதிக்கும் படிக்கட்டின் கீழ் சில்லா புதைத்தது என்கிறது ஜப்பானின் நிஹோன் ஷோகி. தலையில்லாமல் திரும்பிய அப்பாவுக்குப் பிள்ளைகள் எழுப்பிய கோயிலில் ஏற்றிய தூபக்கால் இது. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி கண்ணாடிப் பெட்டியின் முன் போய் நின்றேன். அந்த ஐந்து பேரின் முகத்தில் இருக்கும் மெல்லிய சிரிப்பு இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரின் தெற்கே குங்னம்ஜி என்ற தாமரைக் குளம். 634-இல் மன்னர் மூ வெட்டியதாகச் சொல்லப்படுவது. ஜூலையில் தாமரைத் திருவிழா. சியோலிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கிழங்கு தோண்டி விற்ற ஏழைப் பையன் எதிரி நாட்டு இளவரசியை மணந்து மன்னர் மூ ஆன காதல் கதை இந்தக் குளத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 2009-இல் இக்சானில் கிடைத்த தங்கத் தகடு, மூவின் அரசி பேக்ஜே பிரபு ஒருவரின் மகள் என்கிறது. காதல் கதைக்கு அது பெரிய அடி. ஆற்றுக்கு அக்கரையில் அரண்மனையைப் புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அழகுதான், ஆனால் எனக்கு அங்கே ஒட்டவில்லை.

சாப்பாட்டுக்குத் தாமரை இலைச் சோறு. பிசுபிசுப்பான அரிசியில் கஷ்கொட்டை, பயறு சேர்த்து இலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. பிரிக்கும்போது எழும் வாசனைக்கே பாதி பசி ஆறிவிடும். உங்கோ மீன் கேட்டேன். நெத்திலிக் குடும்பத்தைச் சேர்ந்த, கத்தி போல் நீண்ட வெள்ளி மீன். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வருவது. சூ திங்ஃபாங் ஆசைப்பட்டுக் கேட்டபோது ஒரு மீன்கூட அகப்படவில்லை என்றும், அதனால் அதற்கு விசுவாச மீன் என்று பெயர் வந்தது என்றும் கதை. வசந்தத்தில்தான் கிடைக்கும், அதுவும் முன்போல் இல்லை என்றார் கடைக்கார அம்மா. 1990-இல் ஆற்றின் வாயில் கட்டி முடித்த தடுப்பணை கடலையும் ஆற்றையும் பிரித்துவிட்டது. அதற்குப் பின் ஆற்றின் குறுக்கே மூன்று தடுப்பணைகள் வந்தன. ஒன்று புயோவிலேயே இருக்கிறது, பெயர் பேக்ஜே அணை. கோபுரத்தையும் கோட்டையையும் இத்தனை கவனமாகக் காக்கும் ஊர், அவற்றையெல்லாம் பெற்றெடுத்த ஆற்றின் ஓட்டத்தையும் அதே கவனத்தோடு காக்க வேண்டும். ஆறு தேங்கினால் இந்த ஊரின் கதையில் பாதி போய்விடும்.

2015-இல் யுனெஸ்கோ பேக்ஜேயின் எட்டு இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நான்கு புயோவில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான நுங்சான்-ரி கல்லறைகளுக்குக் கடைசி நாள் மாலையில் போனேன். புல் மூடிய ஏழு மேடுகள், சரிவில் வரிசையாக. கியோங்ஜுவில் வென்ற சில்லா மன்னர்களின் மேடுகள் குன்று போல நிற்கும். இவை அடக்கமானவை. பலவற்றை முன்பே கொள்ளையடித்துவிட்டார்கள். புல் வெட்டும் ஆள் ஒருவர், வேலையை முடித்துவிட்டு மேட்டில் ஒட்டிய சருகுகளைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மேடுகளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, இரண்டு சின்னக் கல்லறைகள் இருக்கின்றன. புல் அதே புல், கல் மட்டும் புதிது. 660-இல் மன்னர் உய்ஜாவை, 12,000-க்கும் மேற்பட்ட தம் மக்களோடு கைதியாகத் தாங் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். போன சில நாட்களிலேயே லுவோயாங்கில் அவர் இறந்தார். பெய்மாங் மலையில் புதைத்தார்கள். புதைத்த இடம் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் மகன் யுங்கின் கல்வெட்டு மட்டும் அங்கே கிடைத்தது.

புயோ மக்கள் லுவோயாங்குக்கே போனார்கள். பெய்மாங் மலையில் ஒரு பிடி மண் எடுத்துவந்து, 2000-ஆம் ஆண்டு, அப்பாவுக்கும் மகனுக்கும் முன்னோர்களின் பக்கத்தில் கல்லறை எழுப்பினார்கள். அழைத்துப்போய் 1,340 ஆண்டுகள் கழித்து உய்ஜா ஊர் திரும்பினார்.